தாராவிப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்: முதலில் பெயரைப் பாருங்கள்

மும்பையில் மாட்டுங்கா பக்கம் ஒரு கல்லூரியில் ஸ்காலர்ஷிப் ஜன்னலுக்குப் பின்னால் 26 வருடம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவி 90 அடி சாலைக்குப் பக்கத்தில் எங்கள் மன்றத்து அறையில் உட்காருகிறேன். வேலை அதேதான். சம்பளம் கிடையாது, டீ உண்டு. வருகிறவர்கள் கேட்பது, "எந்த ஸ்காலர்ஷிப் கிடைக்கும் அண்ணாச்சி?" நான் திருப்பிக் கேட்பது, "பெயர் என்ன?" சிரிப்பார்கள். காகிதங்களை மேசையில் பரப்பியதும் சிரிப்பு நின்றுவிடும்.

நம் வழக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். மகாராஷ்டிராவில் ஃபாரம் மூன்று கேட்கும்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர். இல்லாத குடும்பப் பெயருக்கு எங்கே போவது? பள்ளியில் சேர்த்த அன்று யார் வாயில் என்ன வந்ததோ அது ஏறிவிடும். பேச்சுக்கு ஒரு பெண்ணை முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முத்துலட்சுமி பி'. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'சுடலைமுத்து முத்துலட்சுமி பேச்சிமுத்து'. தாத்தா குடும்பப் பெயராகிவிட்டார். பாஸ்புக்கில் வெறும் 'முத்துலக்ஷ்மி'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். அதை மாற்றுவதுதான் பெரும்பாடு. மற்றவற்றை அதன் வழிக்குக் கொண்டுவரலாம். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், அவசரத்தில் ஒன்றை வீணாக்க வேண்டாம். பெயரே முழுக்க வேறாக இருந்தால் மகாராஷ்டிரா அரசு கெஜட்டில் பெயர் மாற்றம் போட வேண்டிவரும். இதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் முடித்துவிடுங்கள். நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் ஃபாரத்தில் சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் நானே இடம் மாற்றி எழுதிவிட்டேன். ஒரு வருடப் பணம் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்தது பேங்க். "அக்கவுண்டில் ஆதார் கொடுத்தாச்சு" என்பது போதாது. அரசுப் பணம் பெரும்பாலும் ஆதார் எண்ணைப் பிடித்துத்தான் வருகிறது. பேங்குகளுக்கு இடையே பணம் மாற்றித் தரும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே எந்த பேங்க் இருக்கிறதோ அங்கே போய் விழும். ஒரு பையன் எட்டு மாதம் பணம் வரவில்லை என்று அலைந்தான். கடைசியில், சிறு வயதில் அம்மா திறந்து கொடுத்து மறந்துபோன கணக்கில் இரண்டு தவணையும் பத்திரமாக இருந்தது. பேங்கில் போய் "ஆதார் சீடிங் இந்தக் கணக்குக்குத்தானா?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

இனி சாதிச் சான்றிதழ். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். திருநெல்வேலியில் எஸ்சி என்பதால் மும்பையிலும் மாநிலச் சலுகை கிடைத்துவிடாது. எஸ்சிக்கு 10 ஆகஸ்ட் 1950, ஓபிசிக்கு 13 அக்டோபர் 1967. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தோல் ஷெட்டில் வேலை பார்த்த தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு, முனிசிபல் பள்ளிப் பதிவு என்று எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இங்கே மைக்ரன்ட் (வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்) சான்றிதழ் வாங்கலாம். அது மத்திய அரசுத் திட்டங்களுக்கு உதவும், மாநிலத்துக்கு உதவாது. இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, வழி மட்டும் சொல்கிறேன்.

வழி என்றால் வருமானத்தைப் பார்த்துத் தரும் திட்டங்கள். மகாராஷ்டிரா அரசின் மகாடிபிடி இணையதளத்தில் ராஜர்ஷி ஷாஹு மகாராஜ் திட்டம்: குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விப் படிப்புகளில் டியூஷன் ஃபீஸில் குறைந்தது பாதி. டொமிசைல் வேண்டும், அதாவது 15 வருடம் இங்கே இருந்ததற்குச் சான்று. அரசுச் சான்றிதழ்களுக்கான சேவை மையமான சேது கேந்திராவில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் இணையதளமான என்எஸ்பியில், பன்னிரண்டாம் வகுப்பில் போர்டின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு வருடம் 12,000 ரூபாய். சின்னத் தொகைதான், ரயில் பாஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

வெளிநாட்டு ஆராய்ச்சி விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது எங்கள் கீழ்வீட்டுப் பெண். மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தில் எம்எஸ்சி முடித்து ஐரோப்பாவுக்குப் போனவள். அவள் சொல்வது, "அண்ணாச்சி, மான்குர்துக்குப் போகாமல் ஜெர்மனிக்குப் போக முடியாது." குர்லாவில் வண்டி மாறினால் மான்குர்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், டிகிரி படிக்கும்போதே அறிவியல் பிள்ளைகளை ஆராய்ச்சிக்குப் பழக்கும் என்ஐயுஎஸ் திட்டம் அங்கே நடக்கிறது. கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் கோடைத் திட்டம் இருக்கிறது. அங்கே கூட வேலை செய்த விஞ்ஞானி எழுதித் தரும் கடிதத்துக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு. "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்று கல்லூரியில் தரும் கடிதத்தை அங்கே யாரும் சீண்டுவதில்லை.

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மெயில் போடும்போது எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அவளுடைய முதல் மெயிலைப் பார்த்தேன்: "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, குடும்பக் கஷ்டம், ஒன்பது மார்க் ஷீட். பதில் வரவில்லை. அடுத்ததில், அவருடைய கட்டுரையில் ஒரு வரைபடத்தைச் சுட்டி, இந்த வெப்பநிலைக்கு மேல் ஏன் அளக்கவில்லை என்று ஒரே ஒரு கேள்வி. மூன்று நாளில் பதில் வந்தது. அப்புறம் அவளுடைய இங்கத்திய பேராசிரியரும் அவரும் சேர்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

பணம் இல்லாமல் போக, ஐரோப்பிய ஒன்றியம் முதுகலைப் படிப்புக்குத் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் நல்ல வழி: மாதம் 1,400 யூரோ உதவித்தொகை, குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. எஸ்சி பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பில் வருடம் 115 இடம். வயது 35க்குள், வருமானம் 8 லட்சத்துக்குள்.

அங்கே போனாலும் பெயர் விடாது. கட்டுரையில் ஒருமுறை 'பி. முத்துலட்சுமி', மறுமுறை 'எம். பேச்சிமுத்து' என்று வந்தால் மறுபடி இரண்டு பேர். முதல் கட்டுரைக்கு முன்பே, ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுத்துவிடுங்கள். 16 இலக்கம், இலவசம். பெயர் எப்படி வந்தாலும் ஆள் ஒருத்திதான் என்று அது சொல்லும்.

போனவர்களை விட்டுவிடாதீர்கள் என்று மன்றத்துக்காரர்களிடம் சொல்வேன். எங்களிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது: யார், எந்தத் திட்டம், எங்கே சிக்கல், எப்படித் தீர்ந்தது, வாட்ஸ்அப் எண். மன்றத்துக் கைமாற்றில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் கடனைத் திருப்பும்போது கூடவே இரண்டு பிள்ளைகளின் மெயிலைத் திருத்தித் தர வேண்டும். வட்டி அதுதான். கீழ்வீட்டுப் பெண் இதுவரை ஆறு பேருக்குத் திருத்தியிருக்கிறாள், சிவப்பு மையில், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரிஜினலோடு இரண்டு செட் ஜெராக்ஸ் கொண்டு வாருங்கள். மார்க் ஷீட்டை மட்டும் தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்; வெளிநாட்டுக்கு, காகிதம் உண்மையானது என்று அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை அதன் பின்பக்கத்தில்தான் விழ வேண்டும்.