ஈஸ்ட் செல்சுவர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட்டின் உலர் எடையில் 15 முதல் 30 விழுக்காடு வரை அதன் செல்சுவரே. அச்சுவரில் ஏறத்தாழப் பாதி, குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலியான பீட்டா-1,3-குளுக்கான். எஞ்சியதில் பெரும்பகுதி மன்னோபுரதம், அதாவது மன்னோஸ் சர்க்கரை பிணைந்த புரதம். பூச்சிகளின் மேலோட்டிலும் உள்ள உறுதியான பொருளான கைட்டினோ 1 அல்லது 2 விழுக்காடுதான். ஒரு மரபணு போனால் ஒரு பொருள் போகும், மற்றவை அப்படியே இருக்கும் என்று எண்ணுவதுதான் இத்துறையில் நான் அடிக்கடி காணும் பிழை.

சுவர் பழுதானதும் செல் சும்மா இருப்பதில்லை. பீட்டா-1,3-குளுக்கானைத் தொகுக்கும் எஃப்கேஎஸ்1 மரபணுவை நீக்கினால் அதன் இணையான எஃப்கேஎஸ்2 முடுக்கப்படுகிறது, கைட்டினும் கூடுகிறது. குளுக்கான் இழைகளை நீட்டும் நொதிக்குரிய காஸ்1 நீங்கினால் செல்கள் உருண்டு பருக்கின்றன, கைட்டின் பன்மடங்கு உயர்கிறது. இதைக் கண்டு ‘காஸ்1 கைட்டினைக் கட்டுப்படுத்தும் மரபணு’ என்று எழுதிவிடக் கூடாது. பிகேசி1, எஸ்எல்டி2 என்னும் சமிக்ஞைப் புரதங்கள் வழியாகச் செல்லும் எச்சரிக்கைக் குறிப்புக்குச் செல் அளிக்கும் மறுமொழியின் ஒரு பகுதிதான் அந்த உயர்வு.

விழுக்காட்டை மட்டும் நம்புவது அடுத்த பிழை. 100 மி.கி. உலர்ந்த செல்களில் சுவர் 20 மி.கி., அதில் கைட்டின் 0.4 மி.கி. என்று வைத்துக்கொள்வோம், அது சுவரில் 2 விழுக்காடு. குளுக்கான் 4 மி.கி. குறைந்து சுவர் 16 மி.கி. ஆனால், ஒரு துளி கைட்டின்கூடப் புதிதாக உருவாகாமலே அது 2.5 விழுக்காடாகத் தெரியும். செல்லின் உலர் எடைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தருவதே நேர்மையான கணக்கு.

வளர்ச்சி நிலையைக் கவனியாத ஒப்பீடும் பயனற்றது. இரவு முழுதும் வளர்ந்து தேங்கிய செல்களின் சுவர், வேகமாகப் பெருகும் செல்களின் சுவரைக் காட்டிலும் செல்சுவரைக் கரைக்கும் சைமோலியேஸ் நொதியைக் கூடுதலாகத் தாங்கும். ஒரு ஸ்ட்ரெயினை (ஒரே மரபுவழியில் வந்த ஈஸ்ட் வகையை) முதல் நிலையிலும் மற்றொன்றை இரண்டாம் நிலையிலும் எடுத்துவிட்டு, வேறுபாட்டை மரபணுவின் தலையில் கட்டக் கூடாது.

வடிவத்தைப் பொறுத்தவரை, நுண்ணோக்கியில் கொத்தாகத் தெரிவதெல்லாம் ஒரே வகையல்ல. புரதங்கள் பற்றிக்கொண்டதால் திரண்ட கொத்து கால்சியத்தை நம்பியிருப்பதால், அதைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்னும் வேதிப்பொருளைச் சேர்த்ததும் கலைந்துவிடும். ஏஸ்2 மரபணு பழுதான செல்களிலோ, தாய்க்கும் சேய்க்கும் இடையிலுள்ள தடுப்பைக் கரைக்கும் கைட்டினேஸ் போதிய அளவு உருவாவதில்லை. அக்கொத்து இடிடிஏவுக்குக் கலையாது. நீண்டு கிடக்கும் செல்லைப் பார்த்ததும் சுவரின் கலவையைக் குறை சொல்வதும் அவசரமே. மொட்டின் கழுத்தில் வளையமாக அமையும் செப்டின் புரதங்களுக்குரிய சிடிசி12 போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றமும் மொட்டை நீளச் செய்யும்.

எந்த ஸ்ட்ரெயின் என்பதைக் குறிப்பிடாமல் விடுவதுதான் பலரும் பொருட்படுத்தாத குறை. டபிள்யூ303 ஸ்ட்ரெயினில் எஸ்எஸ்டி1 மரபணு ஏற்கெனவே பழுதானது; எஸ்288சி-யில் அது நலமாக உள்ளது. எஸ்எஸ்டி1 சுவரின் உறுதியோடு தொடர்புடையது என்பதால், ஒரே நீக்கம் ஒன்றில் கடுமையாகவும் மற்றதில் மென்மையாகவும் வெளிப்படலாம். நீக்கிய மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தின் வழியாகத் திரும்பச் செலுத்திப் பார்க்க வேண்டும். கைட்டின் அளவு பழைய நிலைக்கு வந்தும் உருவம் திரும்பாவிட்டால், அந்த ஸ்ட்ரெயினில் வேறொரு மாற்றமும் ஒளிந்திருக்கக்கூடும்.