அண்டை நாட்டோடு உறவை வலுப்படுத்துவது எப்படி: கைகுலுக்கலுக்கு மறுநாள் தொடங்கும் வேலைகள்

இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் நாளிதழில் வந்துவிடும். புரிந்துணர்வு ஒப்பந்தம் தோல் உறைக்குள் போய்விடும். அதில் சொன்னதை யார், எந்தத் தேதிக்குள், யார் பணத்தில் செய்வது என்பது மட்டும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. அண்டை நாட்டு ஒப்பந்தங்கள் பல அங்கேதான் படுத்துவிடுகின்றன. இந்த வழிகாட்டி, அவற்றை எழுப்பி நடக்க வைக்கும் வேலையில் இருப்பவர்களுக்கானது.

முதலில் பழைய கோப்புகளைத் தூசி தட்டுங்கள்

புதிதாக எதையும் எழுதும் முன், இரு நாடுகளுக்கும் இடையே ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொண்டுவாருங்கள். கையெழுத்தான தேதி, இரு பக்கமும் ஒப்புதல் தந்த தேதி, எந்தத் துறையின் பொறுப்பு, கடைசியாகக் கூட்டம் நடந்தது எப்போது, காலாவதி எப்போது என்ற ஐந்து பத்திகள் போதும். கையெழுத்துப் போட்டு ஒப்புதல் தராமல் விட்டவையும், கூட்டுக்குழு அமைத்துக் கூட்டமே நடத்தாதவையும் அதில் தெரியும். புது ஒப்பந்தம் கேட்டு வருகிற கோரிக்கைக்குப் பழைய ஒப்பந்தத்திலேயே இடம் இருப்பதும் அடிக்கடி தெரியவரும்.

ஒப்புதல் பத்தியை லேசாக எண்ண வேண்டாம். இந்தியாவும் வங்கதேசமும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1974-இல். வங்கதேசம் அதே ஆண்டு ஒப்புதல் தந்துவிட்டது. இந்தியப் பக்கம் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சாசனத் திருத்தம் தேவைப்பட்டது. அந்த 100-ஆவது திருத்தம் நிறைவேறியது 2015-இல். வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் திட்டுகளும் (அடுத்த நாட்டு நிலம் சூழ்ந்த துண்டு நிலங்கள்), இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் திட்டுகளும் அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில்தான் கைமாறின. இடைப்பட்ட 41 ஆண்டுகளும் அந்தத் திட்டுகளில் இருந்த மக்கள் எந்த நாட்டுக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் வாழ்ந்தார்கள். எனவே கையெழுத்துக்கு முன்பே சட்டத்துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி: இதற்கு அமைச்சரவை போதுமா, நாடாளுமன்றம் வேண்டுமா, சாசனத்தில் கை வைக்க வேண்டுமா?

எதில் தொடங்குவது?

எல்லைத் தகராறில் தொடங்காதீர்கள். அதற்குத் தனி மேசை, தனி ஆட்கள் இருக்கட்டும். இரு பக்கமும் பலன் தெரியக்கூடிய, தோற்றாலும் யாருக்கும் அவமானம் நேராத ஒன்றை எடுங்கள்: வெள்ள எச்சரிக்கை, கால்நடை நோய்த் தகவல், எல்லை தாண்டும் ஆம்புலன்ஸ், வழிதவறிய படகுகளைத் திருப்பி அனுப்பும் முறை.

சின்ன விஷயம் என்றாலும் நுணுக்கம் நிறைய உண்டு. 'ஆற்று நீர்மட்டத் தகவலைப் பகிர்ந்துகொள்வோம்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்த அளவீட்டு நிலையம், எத்தனை மணிக்கு எடுத்த அளவு, யார் கடிகாரப்படி, மழைக்காலத்தில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்த எண்ணுக்கு அனுப்புவது என்பதெல்லாம் இணைப்பில் வர வேண்டும். எல்லோரும் மறப்பது அளவின் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பதை. மேல்பக்க நாடு கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும். கீழ்ப்பக்க நாடு தன் அளவுகோலின் அடியிலிருந்து கணக்கிடும். வந்த எண் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்பதற்கு அதில் பதில் இருக்காது.

நாட்காட்டியை ஒப்பந்தத்துக்குள் வையுங்கள்

'தேவைப்படும்போது கூடுவோம்' என்ற வரி கூட்டுக்குழுக்களுக்கு எமன். உறவு நன்றாக இருந்தால் தேவை என்று தோன்றாது, கெட்டுவிட்டால் கூடிப் பேச மனம் வராது. 1963 ஜனவரி 22-இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் செய்த எலிசே ஒப்பந்தத்தின் பலம் அதன் அலங்கார வார்த்தைகளில் இல்லை. அரசுத் தலைவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது, வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சந்திக்க வேண்டும் என்று எழுதிவைத்ததில் இருக்கிறது. பேச விஷயம் இல்லாவிட்டாலும் சந்தித்தாக வேண்டும்.

கசப்பான உறவிலும் தேதி வேலை செய்யும். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988-இல் ஒப்பந்தம் செய்தன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போரும் அதை நிறுத்தவில்லை. முடிவெடுக்க யாரும் தேவையில்லை, தேதி வந்தால் உறை போகிறது, அவ்வளவுதான். உங்கள் ஒப்பந்தத்திலும் கூட்டம் நடக்கும் மாதத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தலைமையும் இடமும் மாறி மாறி வரட்டும். ஒத்திவைப்பு 30 நாளைத் தாண்டக்கூடாது, நேரில் முடியாவிட்டால் காணொலியில் நடந்தே தீர வேண்டும் என்றும் சேருங்கள்.

ஆனால் இதுவும் முழுக் காப்பு ஆகாது. 1960-ஆம் ஆண்டின் சிந்து நதி நீர் ஒப்பந்தம் 1965, 1971 போர்களைத் தாண்டி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

கூட்டக் குறிப்பில் ஒரு வரி

இரண்டு நாள் பேச்சின் முடிவில் வழக்கமாக எழுதப்படும் வரி இது:

'எல்லைச் சாவடியின் வேலை நேரத்தை நீட்டிப்பது குறித்துப் பரிசீலிக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.'

அடுத்த ஆண்டும் இதே வரி, தேதி மட்டும் மாறி வரும். இதை இப்படித் திருத்துங்கள்:

'சாவடி காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். கூடுதல் ஆள் நியமன உத்தரவை இரு சுங்கத் துறைகளின் பொறுப்பு அதிகாரிகளும் 60 நாளுக்குள் வெளியிட்டு, நகலை மறுதரப்புக்கு அனுப்புவார்கள். அனுப்ப முடியாவிட்டால் காரணத்தை 61-ஆம் நாள் எழுத்தில் தெரிவிப்பார்கள்.'

கடைசி வாக்கியத்துக்குத்தான் எதிர்ப்பு வரும். விடாதீர்கள். பொறுப்பைப் பதவியின் பேரில் எழுதுங்கள், ஆளின் பேரில் வேண்டாம். அவர் மாற்றலாகிப் போவார். குறிப்பை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் முடிக்கலாம் என்று விட்டால் முடியாது. கூட்டம் கலையும் முன் இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் (பெயரின் முதலெழுத்துகளால் இடும் கையெழுத்து) இட வேண்டும்.

எல்லைச் சாவடியில் ஒரு லாரி

உறவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க வெளியுறவு அமைச்சகத்துக்குப் போக வேண்டாம், ஒரு சரக்கு லாரியின் பின்னால் போங்கள். இந்தப் பக்கம் ஓர் எடைமேடை, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் வேறு வேறு எடை காட்டும், வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்பார்கள். இங்கே வார விடுமுறை வெள்ளி, அங்கே ஞாயிறு. இங்கே தாவர நோய் ஆய்வாளர் மாலை ஐந்துக்குப் போய்விடுவார், அங்கே அவர் காலை பத்துக்குத்தான் வருவார். அழுகும் சரக்கு நடுவில் நிற்கும்.

இதற்கான தீர்வு ஒரே நிறுத்தச் சாவடி. போகிற பக்கம் நிற்காமல், நுழைகிற பக்கத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் அருகருகே அமர்ந்து ஒரே முறை சோதிப்பார்கள். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில் 2009-இல் இப்படி ஒன்று திறந்தார்கள். கட்டடம் கட்டுவது எளிது. உங்கள் அதிகாரி அடுத்த நாட்டு மண்ணில் நின்று உங்கள் சட்டப்படி சரக்கைப் பறிமுதல் செய்ய இரு நாட்டுச் சட்டமும் இடம் தர வேண்டும். அவரே லஞ்சம் வாங்கினால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? சீருடை, துப்பாக்கி, வசூலான வரிப்பணத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வழி எல்லாம் முன்கூட்டியே முடிவாகட்டும். அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது: இரு பக்க நேரத்தையும் விடுமுறைப் பட்டியலையும் ஒத்துப்போகச் செய்வது.

பெரிய நாடு, சின்ன நாடு

பெரியவர் 'சகோதர நாடு' என்று அன்பாகத்தான் சொல்வார். சின்னவர் காதில் அது 'நான் அண்ணன்' என்று விழும். கூட்டறிக்கையில் உறவுமுறைச் சொற்களைத் தவிர்ப்பது நல்லது. இரு தலைநகரிலும் ஒரே நிமிடத்தில் அறிவியுங்கள். ஒப்பந்தத்தின் இரு பிரதிகளில், அவரவர் வைத்துக்கொள்ளும் பிரதியில் அவரவர் பெயர் முதலில் வரும் மரபு இதற்காகவே உண்டானது.

பங்கு சமமாக இருந்தாலும் விலை இடிக்கும். பிரேசிலும் பராகுவேயும் 1973-இல் ஒப்பந்தம் போட்டு இடாய்பூ நீர்மின் நிலையத்தைச் சரிபாதி உரிமையில் கட்டின. பராகுவேயின் தேவை குறைவு. மிச்ச மின்சாரம் பிரேசிலுக்குத்தான் போக வேண்டும். விலை விதிகளை மறுஆய்வு செய்ய 50 ஆண்டு என்று எழுதிவைத்ததால், விலை குறைவு என்ற பராகுவேயின் குறை நெடுங்காலம் புகைந்துகொண்டே இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் விலை இருந்தால் ஐந்தாண்டுக்கு ஒரு மறுஆய்வு வையுங்கள்.

மொழி பற்றி ஒன்று மட்டும். இரு மொழிப் பிரதிகளும் சம மதிப்புடையவை என்றால், முரண் வந்தால் எது செல்லும் என்று மூன்றாம் மொழிப் பிரதி ஒன்றைக் குறிப்பிடுங்கள். ஆறுகளுக்கும் ஊர்களுக்கும் இரு பக்கமும் வேறு பெயர் இருக்கும். வரைபடத்தில் இரண்டையும் போடுங்கள். ஒப்பந்தத்தை ஐ.நா. செயலகத்தில் பதிவுசெய்ய மறக்காதீர்கள். ஐ.நா. சாசனத்தின் 102-ஆம் பிரிவுப்படி, பதிவாகாத ஒப்பந்தத்தைப் பன்னாட்டு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடியாது.

சண்டை வந்தால்

வரும். அதற்கான படிகளை அமைதியான நாளில் வரிசைப்படுத்தி வையுங்கள்: தொலைபேசி, துறை அளவில் அழைத்துப் பேசுதல், எழுத்துக் குறிப்பு, அவர்கள் தூதரை வரவழைத்தல், நம் தூதரைக் கலந்தாலோசனைக்குத் திரும்ப அழைத்தல், கடைசியாக வெளியேற்றம். 1961 வியன்னா உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவுப்படி ஒரு தூதரக அதிகாரியை வெளியேற்றக் காரணம் சொல்லவே தேவையில்லை. அவ்வளவு எளிது என்பதால்தான் முதல் படியிலேயே அங்கே தாவிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் அதே எண்ணிக்கையில் நம் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடும், பிறகு விசா தரக்கூட ஆள் இருக்காது.

நேரடித் தொலைபேசி இணைப்பை வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், இரு முனையிலிருந்தும் மாறி மாறிச் சோதியுங்கள். மணி அடிக்கிறதா என்று பார்த்தால் போதாது. எடுப்பவருக்கு மொழி தெரிகிறதா, நள்ளிரவில் யாரை எழுப்ப அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று கேளுங்கள்.

பொறுப்பு அதிகாரி மாறும்போது முதலில் கூறிய அட்டவணை, கடைசி இரு கூட்டக் குறிப்புகள், நிலுவைப் பட்டியல், எதிர்ப்பக்க அதிகாரியின் நேரடி எண் ஆகிய நான்கும் புதியவர் கைக்குப் போக வேண்டும். முடிந்தால் பழையவரே அந்த எண்ணை அழைத்து, புதியவரிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.