முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தால்: ராமநாதபுரம் கடலோரத்தில் ஓடுபவர்களுக்கு

முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. நாலாவதில் முழங்காலின் வெளிப்பக்கம் லேசாகச் சூடு ஏறும். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஊசி வைத்த மாதிரி குத்தும். நின்றால் அடங்கிவிடும், ஓடத் தொடங்கினால் அதே இடத்தில் பிடிக்கும். சமதரையில் நடக்கலாம், மாடிப்படி இறங்குவதுதான் பாடு. இந்த வரிசையில் வந்தால் அது பெரும்பாலும் ஐ.டி. பேண்ட் வலி.

ஐ.டி. பேண்ட் (இலியோடிபியல் பேண்ட்) என்பது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் தடித்த நார்ப்பட்டை. முழங்கால் ஏறத்தாழ 30 டிகிரி மடங்கும்போது, இது தொடை எலும்பின் வெளிப்புற மேட்டில் அழுந்துகிறது. பட்டைக்கு அடியில் நரம்பு நிறைந்த கொழுப்புப் படலம் இருக்கிறது, நசுங்குவது அதுதான். பட்டை எலும்பில் உரசித் தேய்கிறது என்பது பழைய விளக்கம். நசுங்கிப் புண்பட்ட இடத்தில் தைலம் போட்டு அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். முழங்கால் மூட்டுக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே, வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டில் கட்டைவிரலை அழுத்தியபடி காலை மெதுவாக நீட்டுங்கள். முழுதாக நீளச் சற்று முன்னால் சுரீரென்றால் சந்தேகம் வலுக்கிறது. மூட்டு வீங்கியிருந்தாலோ, மடக்கினால் பூட்டிக்கொண்டாலோ, சட்டென்று மடிந்து விழப் பார்த்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ இது வேறு விஷயம். ஜவ்வு கிழிசலாகவோ எலும்பு விரிசலாகவோ இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

காரணம் பெரும்பாலும் முழங்காலில் இருப்பதில்லை. தூரத்தைத் திடீரென்று கூட்டுவது, இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருப்பது, ஓடும் தரை சாய்ந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்திருக்கும். நம் பக்கத்தில் மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மழைநீர் வடிய ரோடு இரு ஓரங்களிலும் சரிந்திருக்கும். வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுகிறோம், அது சரியான பழக்கம்தான். ஆனால் போகும்போதும் வரும்போதும் வலது ஓரம்தான் என்பதால் வலது கால் மட்டும் எப்போதும் பள்ளத்தில் விழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாதக்கணக்கில் இப்படி ஓடி, வலது முழங்கால் மட்டும் வலித்தால் முதல் சந்தேகம் ரோட்டின் மீது விழட்டும். கடற்கரை மணலும் சரிவுதான், ஆனால் அங்கே திரும்பி வரும்போது சரிவு மற்ற காலுக்கு மாறிவிடும். வலி இருக்கும் நாட்களில் பள்ளி மைதானமோ, ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கமோ மேல். அங்கேயும் ஒரே திசையில் சுற்றாமல் நாளுக்கு நாள் திசையை மாற்றுங்கள்.

முதல் பத்து நாள் வலி வரும் ஓட்டத்தை நிறுத்துங்கள். நீச்சலில் தொடைகளுக்கு நடுவே மிதவை வைத்து ஃப்ரீஸ்டைல் போடலாம். தவளை மாதிரி காலை உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வேண்டாம். ஐஸ் வலியைக் குறைக்கும், குணமாக்காது. மீன் இறங்குதளத்து உடைத்த ஐஸே போதும்: பையில் கட்டி, துண்டு சுற்றி, 10 முதல் 15 நிமிடம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வலி மறைந்து புண் பெரிதாகும், இந்த வெயிலில் உடம்பில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்கும் கேடு. ஃபோம் ரோலரை (தசையைத் தளர்த்தும் நுரை உருளை) பிட்டத்திலும் தொடைத் தசையிலும் உருட்டலாம், எலும்பு மேட்டில் கூடாது. எவ்வளவு உருட்டினாலும் பட்டை நீளாது.

உண்மையான மருந்து இடுப்புப் பயிற்சிதான். சுவரில் முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் படுங்கள். மேல்காலின் குதிகாலைச் சுவரில் தேய்த்தபடி ஓரடி உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உடம்பு பின்னால் சாய்ந்தாலோ கால் முன்னால் வந்தாலோ வேலை தொடையின் முன்தசைக்குப் போய்விடும், பெரும்பாலோர் பிசகுவது இங்கேதான். பிட்டத்தின் பக்கவாட்டில் களைப்புத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்துப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை நான்கு எண்ணிக்கையில் இறங்குங்கள். 8 தடவை, 3 சுற்று. முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. எளிதானதும் 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் இரண்டு திருத்தம் போதும். ஈர மணலில் நூறடி ஓடித் திரும்பிப் பாருங்கள். இரண்டு காலின் தடமும் கயிற்றில் நடந்த மாதிரி ஒரே கோட்டில் இருந்தால் பட்டை அதிகம் இழுபடுகிறது. தடங்களுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி தெரியும்வரை காலை அகட்டுங்கள். அடுத்தது அடி எண்ணிக்கை. 30 நொடியில் வலது கால் 40 முறை விழுந்தால், வேகத்தை மாற்றாமல் 42 ஆக்குங்கள், சில வாரங்களில் 44. அடி குறுகும், இடுப்பின் சுமையும் குறையும்.

சைக்கிள்: சீட் உயரமாக இருந்தால் இதே வலி வரும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். வலி இருந்தால் 3 முதல் 5 மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட் விரல் நுனியை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தால் பட்டை இறுகும், கால் இயல்பாக நிற்கும் கோணத்துக்குத் திருப்புங்கள். உப்புக்காற்றில் கிளீட் திருகு துருப்பிடித்து அசையாது, மாட்டும்போதே கிரீஸ் வையுங்கள். ஆனி, ஆடி மேல்காற்றை எதிர்த்துப் பெரிய கியரில் மிதிக்க வேண்டாம்.

திரும்ப ஓடும்போது 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 10 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அத்தோடு சரி. இழுத்து இழுத்து மெதுவாக ஓடுவதைவிடச் சற்று விரைவான ஓட்டம் பலருக்கு வலி குறைவாக இருக்கும், கால் தரையில் படும்போது முழங்கால் கூடுதலாக மடங்குவதால். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை 9.5 கிலோமீட்டர். முனையில் போய் வலி பிடித்தால் நிழல்கூட இல்லாமல் அவ்வளவு தூரமும் நொண்டித் திரும்ப வேண்டும். அதனால் வண்டியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் போய்வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலத்து இறக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். சமதரையில் 30 நிமிடம் வலியில்லாமல் மூன்று முறை ஓடிய பிறகு, முதல் தடவை ஏற்றத்தில் ஓடி இறக்கத்தில் நடங்கள்.