எடின்பரோ கோட்டையில் டிசம்பர் கல்யாணம்: முதல்முறை படமெடுக்கப் போகிறவர்களுக்கு

குளிர்காலத்தில் கோட்டைக் கல்யாணம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் கொண்டுபோவது?" என்றுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கடிகாரம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் சூரியன் உதிப்பது காலை 8:40 வாக்கில், மறைவது மாலை 3:40 வாக்கில். நண்பகலிலேயே அடிவானத்துக்கு மேல் சுமார் 10 டிகிரிதான் ஏறும். நாள் முழுக்க நமக்கு சாயங்கால வெயில் மாதிரி சாய்ந்த வெளிச்சம் என்பது நல்ல செய்தி. பக்கத்தில் ஒரு கட்டடம் இருந்தாலே அந்த வெயில் மறைந்துவிடும் என்பது கெட்ட செய்தி.

படி 1: நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

3:40 என்று ஒரு தாளில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித மார்கரெட் சிற்றாலயத்தில் சடங்கு என்றால், அதை மதியம் 12 மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 12:40-க்குக் குடும்பப் படங்கள், 1:15 முதல் 2:15 வரை மணமக்கள் மட்டும் கோட்டைக்குள், 2:30-க்கு வெளியே ஓர் இடம், 3:55 முதல் 4:15 வரை நீல நேரம், அதாவது சூரியன் மறைந்த பின் வானம் நீலமாக இருக்கும் பொழுது. சடங்கை 2:30-க்கு வைத்துவிட்டு "வெளியில் நிறைய படம் வேண்டும்" என்று கேட்கும் ஜோடிகள் உண்டு. அது நடக்காது என்பதைக் கல்யாணத்தன்று சொல்லக்கூடாது, முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இந்த அட்டவணையில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. கோட்டையின் மில்ஸ் மவுண்ட் மேடையிலிருந்து தினமும் பகல் 1 மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். 1861 முதல் நடக்கும் வழக்கம். ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களில் மட்டும் கிடையாது. மோதிரம் மாற்றும் நேரத்தில் இது வெடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, 12:58-க்கு மணமக்களை வெளியே நிறுத்தி, ஷட்டர் 1/500, தொடர்ந்து படமெடுக்கும் முறை (பர்ஸ்ட்) என்று வைத்துக் காத்திருங்கள். சத்தம் கேட்டு இருவரும் துள்ளி, அடுத்த நொடி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை எந்த போஸிலும் வாங்க முடியாது. பீரங்கி வெடிக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே நினைவுபடுத்தாதீர்கள்.

படி 2: அனுமதி

கோட்டை பகலில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தே இருக்கும். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்குத்தான் மூடுவார்கள். ஆகவே பின்னணியில் ஆள் நடமாட்டம் இருந்தே தீரும். டிரைபாட், லைட் ஸ்டாண்ட் ஆகியவற்றை எங்கே வைக்கலாம், வண்டி எதுவரை வரலாம், மழைக்கு ஒதுங்க எந்த அறை என்பதையெல்லாம் கோட்டையின் நிகழ்ச்சிப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை போனில் வைத்திருங்கள். வாசலில் நிற்கும் காவலாளிக்கு நீங்கள் பேசிய அலுவலர் யார் என்றே தெரியாமல் இருக்கலாம். சடங்கு நடத்துபவரிடம் இரண்டு கேள்விகள் தனியாகக் கேளுங்கள்: ஃபிளாஷ் போடலாமா? முத்தத்தின்போது அரை அடி பக்கவாட்டில் நகர முடியுமா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் கூடாது என்றுதான் பதில் வரும். இரண்டாவதை யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் விட்டால், மணமக்கள் தலைகளுக்கு நடுவே அவர் முகம் நிரந்தரமாக இருக்கும்.

படி 3: பை

இரண்டு கேமரா உடல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியும்படி. லென்ஸ்கள் 24 அல்லது 35 மி.மீ., 85 மி.மீ. ஒவ்வோர் உடலுக்கும் நான்கு பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஆகவே உபரி பேட்டரிகள் பையில் அல்ல, சட்டையின் உள்பாக்கெட்டில் இருக்கட்டும். "தீர்ந்துவிட்டது" என்று காட்டும் பேட்டரியையும் அங்கேயே வையுங்கள். சூடானதும் இன்னும் கொஞ்சம் படம் கொடுக்கும்.

ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் உறைகள் இரண்டு. மைக்ரோஃபைபர் துணி ஆறு, ஏனென்றால் மழையில் ஒரு துணி பத்து நிமிடம்கூடத் தாங்காது. கண்ணாடி மாதிரித் தெளிவான, நிறமில்லாத குடைகள் இரண்டு: வண்ணக் குடை முகத்தில் தன் நிறத்தைப் பூசிவிடும். உங்கள் காலுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ. கோட்டைக்குள் பாதை ஏற்றமாக, உருண்டைக் கல் பாவியது. ஈரமானால் சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும். பின்பக்கமாக நடந்துகொண்டே படமெடுக்கும் பழக்கத்தை அன்று மறந்துவிடுங்கள்.

படி 4: சிற்றாலயத்துக்குள்

1130 வாக்கில் முதலாம் டேவிட் மன்னர் தன் தாயின் நினைவாகக் கட்டியது. எடின்பரோவில் நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. ஏறத்தாழ 25 பேருக்கு மேல் கொள்ளாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும்தான் கிடைக்கும்.

சின்னச் சின்ன ஜன்னல்கள், அவற்றில் 1922-இல் பொருத்திய வண்ணக் கண்ணாடி. வெளிச்சம் கம்மி. ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 2, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கி, 6400 வரை தயங்காமல் போங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைக் குடும்பத்தார் கவனிப்பதே இல்லை, ஆடிப்போன படத்தை உடனே கண்டுபிடிப்பார்கள்.

உள்ளே மெழுகுவர்த்தியும் ஜன்னல் வெளிச்சமும் கலந்திருக்கும். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் மெழுகுவர்த்தி சுமார் 2000, மேகமூட்டமான வெளி வெளிச்சம் 6500-க்குப் பக்கம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் (நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் முறையில்) விட்டால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது நீலம் என்று தாவும். 4000-இல் நிறுத்தி, ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பாக) எடுங்கள். முழு அறையும் ஒரே நிறத்தில் தவறாக இருந்தால் பின்னால் ஒரே நகர்த்தலில் சரிசெய்யலாம்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டர் இங்கே ஆசைகாட்டும். எல்இடி விளக்கு எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், ஏனென்றால் பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். சடங்குக்கு முன்பே ஒரு சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். கோடு வந்தால் ஷட்டரை 1/100-க்கு இறக்குங்கள், அல்லது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

நிற்கும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். நம்மூர்க் கல்யாண மேடையில் வீடியோக்காரரும் போட்டோக்காரரும் ஐயருக்கும் அக்கினிக்கும் நடுவே புகுந்து வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே நீங்கள் ஓர் அடி வைத்தால் 25 பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்து வழக்கப்படி மணமக்களும் இரு சாட்சிகளும் திருமணப் பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். குவேக் என்ற இரட்டைக் கைப்பிடிக் கிண்ணத்தில் இருவரும் குடிப்பது உண்டு. கிண்ணம் உதட்டுக்குப் போகும்போது முகத்தை மறைத்துவிடும். அது இறங்கும் நொடிக்குக் காத்திருங்கள்.

படி 5: வெளியே

சிற்றாலயத்துக்கு எதிரிலேயே மான்ஸ் மெக் என்ற 1449-ஆம் ஆண்டு பீரங்கி இருக்கிறது. குழந்தைகள் அதன் மேல் ஏறப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். குடும்பப் படம் ஐந்து கூட்டணிக்கு மேல் வேண்டாம், ஒன்றுக்கு மூன்று நிமிடம். டிசம்பரில் பகலின் சராசரி உச்சமே 7 டிகிரி வாக்கில்தான், மேலே காற்று வேறு. எல்லோரும் வரிசையில் நின்ற பிறகுதான் மணப்பெண்ணின் மேல்கோட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். மூக்கும் காதும் சிவந்துவிட்டால் எடிட்டிங்கில் அரை நாள் போகும்.

தலையில் போடும் நெட் காற்றில் எங்கே போகும் என்பதை முதலில் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் காற்றை எதிர்கொண்டால் நெட் பின்னால் பறக்கும், முதுகு காட்டினால் முகத்தில் அப்பிக்கொள்ளும். வெளிச்சத்தைவிட காற்றின் திசைதான் இங்கே இடத்தைத் தீர்மானிக்கிறது.

அளவீட்டில் இரண்டு பொறிகள். மழையில் நனைந்த பாறை கிட்டத்தட்ட கறுப்பு. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்த்து, வெள்ளை கவுனை வெளிறடிக்கும்: எக்ஸ்போஷர் திருத்தத்தை -0.7 வையுங்கள். பனி விழுந்து தரை வெள்ளையாக இருந்தால் நேர்மாறு: +1 முதல் +1.3 வரை. எதுவானாலும் ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடைக்கு மேல் போடும் கறுப்புக் கோட்டின் நிழல் விவரத்தை ரா ஃபைலிலிருந்து தூக்கலாம். வெந்துபோன கவுன் திரும்பாது.

கோட்டையே பின்னணியாக வேண்டும் என்றால் வெளியே போக வேண்டும். பலரும் வடக்கே பிரின்சஸ் தெருப் பூங்காவுக்கு ஓடுவார்கள். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாக நிற்பதால் அங்கிருந்து தெரியும் பக்கம் நாள் முழுக்க நிழலில். தெற்கே கிராஸ்மார்க்கெட்டை ஒட்டிய வெனல் படிக்கட்டுக்குப் போங்கள். அங்கிருந்து கோட்டையின் வெயில் படும் முகம் தெரியும். ஆனால் படிக்கட்டு சந்துக்குள் இருக்கிறது: கோட்டை வெயிலில், மணமக்கள் நிழலில், இரண்டு மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கோட்டைக்கு எக்ஸ்போஷர் வைத்து, பக்கவாட்டில் ஒரு ஃபிளாஷை 1/4 சக்தியில் தொடங்கி முகத்தை நிரப்புங்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க மாட்டும் குடை காற்றில் பறந்துவிடும். சின்ன டோம் (ஒளியைப் பரப்பும் மூடி) போட்டு உதவியாளர் கையில் பிடித்தால் போதும். மணப்பெண்ணைப் படிகளில் நடத்தாமல் வண்டியில் கொண்டுபோங்கள்.

சூரியன் மறைந்த பின் முக்கால் மணி நேரம் வானம் நீலமாகவே இருக்கும். ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் (வண்ணத் தாள்) மாட்டி, ஒயிட் பேலன்ஸை 3200-க்கு இறக்குங்கள். முகம் இயல்பாக இருக்கும், வானம் ஆழ்ந்த நீலமாகும். ஐஎஸ்ஓ 1600, எஃப் 2, 1/125 என்று தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐஎஸ்ஓ ஏற்றிக்கொண்டே போங்கள்.

படி 6: மண்டபத்துக்குள் நுழையும் முன்

இந்த ஒன்றை மறந்தால் மாலை வரவேற்பின் முதல் அரை மணி நேரம் போய்விடும். குளிர்ந்த கேமராவோடு சூடான மண்டபத்துக்குள் போனால் லென்ஸ் வியர்த்துவிடும். துடைத்தால் மீண்டும் வியர்க்கும். வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் உறைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி மூடுங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கம் படியும், கண்ணாடியில் அல்ல. 30 நிமிடம் கழித்துத் திறக்கலாம். அதுவரைக்கும் இரண்டாவது உடலை முன்கூட்டியே மண்டபத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்திருங்கள். இரண்டு உடல் எடுத்துவரச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நான்காம் ஜேம்ஸ் காலத்தில், 1511-இல் முடிந்த பெரிய மண்டபத்தில் விருந்து என்றால், ஃபிளாஷை மேலே திருப்பிக் கூரையில் எதிரொளிக்க வைக்கும் வித்தை பலிக்காது. மேலே உயரமான கருத்த மரக்கூரை, வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுவரில் எதிரொளிக்க வைத்தாலோ, மரப்பலகைக்கு மேலே இருக்கும் சுவரின் சிவப்பு நிறம் முகத்துக்கு வந்துவிடும். இரண்டு ஃபிளாஷ்களை எதிரெதிர் மூலைகளில் உயர ஸ்டாண்டில், 1/16 சக்தியில், ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டி நிறுத்துங்கள்.

கெய்லி (ceilidh) என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்தில், குறிப்பாக அதில் ஒரு வகையான ஸ்ட்ரிப் த வில்லோ ஆடும்போது, ஜோடிகள் நீண்ட வரிசைக்கு நடுவே சுழன்றுகொண்டே கீழிறங்கி வருவார்கள். பக்கவாட்டில் நின்றால் முதுகுகள்தான். வரிசையின் கடைசியில், 24 மி.மீ. லென்ஸோடு நில்லுங்கள்: 1/30, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ரியர் கர்ட்டன் ஃபிளாஷ் (ஷட்டர் மூடும் முன் கடைசியில் எரியும் ஃபிளாஷ்). கில்ட் சுழன்று இழுபடும், முகம் கூர்மையாக நிற்கும். முழங்கை வேகமாக வரும், லென்ஸ் ஹுட் மாட்டியிருக்கட்டும்.

படி 7: அன்றிரவே

கார்டுகளை இரண்டு தனித்தனி டிரைவ்களில் நகலெடுத்த பிறகே தூங்குங்கள். நனைந்த பையை மூடி வைக்காதீர்கள். லென்ஸ்களை வெளியே எடுத்து, மூடி கழற்றி, ஹீட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளித் துணிமேல் பரப்பிவிடுங்கள்.