த்ரெட் லோக்கலில் ரேஸ் கண்டிஷன்: திருத்தப் போய்ச் செய்யும் தவறுகள்

“ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நகல்தானே, அப்புறம் ரேஸ் எங்கிருந்து வரும்?” த்ரெட் லோக்கல் என்பது, ஒரு ப்ரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (செயல் ஓட்டத்துக்கும்) தனி நகல் தரும் மாறி; ரேஸ் கண்டிஷன் என்பது, த்ரெட்கள் எந்த வரிசையில் ஓடுகின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறும் பிழை. மொழியின் ரன்டைமில் (ப்ரோகிராம் ஓடும்போது அதைத் தாங்கும் பகுதியில்) கைவைக்க வரும் புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கேட்ட கையோடு, நான் ஒரு காலத்தில் எழுதிய அதே நாலு வரியை எழுதிவிடுகிறார்கள். மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை உள்ளே விடும் பூட்டை) திறக்க மறப்பது மாதிரியான விஷயங்களைச் சோதனைக் கருவிகளும் கோட் ரிவ்யூவும் பார்த்துக்கொள்ளட்டும்.

கீயைத் தேவைப்படும்போது உருவாக்குவது

மதிப்பு தனி, சரி. அந்த மதிப்பை எடுத்துத் தரும் கீ? அது எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான குளோபல் மாறி. த்ரெட்களைக் கையாளும் பிதிரெட் (pthread) நூலகத்தை வைத்து சி மொழியில் எழுதும்போது, கீ உருவாகிவிட்டதா என்று குறிக்க ஒரு ஃபிளாக் வைத்து, “ஃபிளாக் 0 என்றால் கீயை உருவாக்கு, ஃபிளாகை 1 ஆக்கு” என்று எழுதுவது வழக்கம். வினை தொடங்குவது அங்கேதான்.

இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே ஃபிளாகை 0 என்று பார்க்கின்றன. முதலாவதுக்குக் கீ 5 கிடைக்கிறது. தன் தரவை அதில் வைக்கிறது. இரண்டாவதுக்கு 6 கிடைக்க, அது குளோபல் மாறியில் 5-ஐ அழித்து 6-ஐ எழுதிவிடுகிறது. அடுத்த முறை முதல் த்ரெட் தன் தரவைக் கேட்டால் 6-இல் தேடுகிறது, நல் (null, வெற்று மதிப்பு) வருகிறது. கிராஷ் ஆனாலாவது தெரியும். பல ரன்டைம்கள் நல்லைப் பார்த்ததும் “புது த்ரெட் போல” என்று காலி நிலையை உருவாக்கிக்கொண்டு போய்விடும். விடுவிக்காத மெமரியைக் காட்டும் மெமரி லீக் கருவியும் உதவாது: த்ரெட் முடியும்போது கீ 5-இன் டெஸ்ட்ரக்டர் (தரவைத் துப்புரவு செய்யும் ஃபங்ஷன்) கடமை தவறாமல் ஓடிப் பழைய தரவைத் துடைத்துவிடும்.

நான் வேலை பார்த்த ஓர் இன்டர்பிரெட்டரில் கடைசியாக நடந்த பிழையின் விவரத்தை இப்படித்தான் த்ரெட் லோக்கலில் வைத்திருந்தார்கள். ஃபங்ஷன் தோற்கும், பிழை என்ன என்று கேட்டால் “பிழை இல்லை” என்று பதில் வரும். அதுவும் சர்வர் புதிதாக எழும் நொடியில், சுமை இருந்தால் மட்டும். ஒருவர் பிரிண்ட் சேர்த்தார், ஓடும் நேரம் மாறியதில் பக் மறைந்தது. பிரிண்டை அப்படியே விட்டுவிட்டார்! இன்னொருவர் உருவாக்கும் வரியை மட்டும் மியூட்டெக்ஸுக்குள் போட்டார், உள்ளே போனதும் ஃபிளாகை மறுபடி பார்க்கவில்லை. இரண்டு கீ இப்போது வரிசையாக உருவாயின, அவ்வளவுதான் வித்தியாசம். இதை இன்று யாராவது செய்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு ஃபங்ஷனை ஒரே தடவை மட்டும் ஓடவைக்கும் பிதிரெட் ஒன்ஸ் (pthread_once) இதற்காகவே இருக்கிறது. சி மொழியின் 2011 தரமான சி11-இல் கால் ஒன்ஸ் (call_once) உண்டு. சி++11 முதல் ஃபங்ஷனுக்குள் வரும் ஸ்டாடிக் மாறியின் தொடக்கத்தை மொழியே ஒரே தடவைதான் நடத்தும். டெஸ்ட்ரக்டர் வேண்டாம், தொடக்க மதிப்பு மாறிலிதான் என்றால் சி11-இன் த்ரெட் லோக்கல் மாறியே போதும், கீயே வேண்டாம்.

ஃபிளாகை வோலடைல் ஆக்குவது

வோலடைல் என்பது மாறியை ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்வது; சி-யில் அது த்ரெட்களை ஒத்திசைக்காது. இடையில் துண்டிக்க முடியாதபடி படித்து எழுதும் அட்டாமிக் வேண்டும், அதோடு மேலே சொன்ன ஒரே தடவை உருவாக்கமும்.

ஸ்லீப்: த்ரெட்டைச் சற்று நேரம் தூங்கவைத்துச் சமாளிப்பது

வேண்டாம்.

பாயின்டர் தனி, பொருள் பொது

ஜாவாவின் இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கல், சைல்ட் வேல்யூ மெத்தடை நீங்கள் மாற்றி எழுதாதவரை, பெற்றோர் த்ரெட் வைத்திருக்கும் அதே ரெஃபரன்ஸைத்தான் (பொருளைக் காட்டும் சுட்டியைத்தான்) பிள்ளை த்ரெட்டுக்குக் கொடுக்கும். உள்ளே ஹேஷ்மேப் (பெயரும் மதிப்பும் சேர்ந்த அட்டவணை) இருந்தால் இரண்டும் ஒரே மேப்பில் எழுதும்.

அடுத்த த்ரெட்டின் இடத்தை எட்டிப் பார்ப்பது

ஒவ்வொரு த்ரெட்டின் கவுன்டரையும் ஒரு பட்டியலில் கோத்து, மொத்தம் கூட்ட வேறொரு த்ரெட் அதை ஒவ்வொன்றாகக் கடந்து போனால், பாதி வழியில் ஒரு த்ரெட் முடிந்து அதன் மெமரி விடுவிக்கப்பட்டிருக்கலாம். பட்டியலில் சேர்வது, விலகுவது, அதைக் கடந்து போவது மூன்றும் ஒரே மியூட்டெக்ஸின் கீழ் வரட்டும். கவுன்டர் அட்டாமிக்காக இருக்கட்டும்.

“ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன்”

ஒரே ப்ராசஸுக்குள் லூப் போட்டா? கீ உருவாவது முதல் அழைப்பில் மட்டும். மீதி சுற்றுகள் எதையும் சோதிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புது ப்ராசஸ் தொடங்குங்கள். த்ரெட்களை ஒரு பேரியரில் (எல்லாம் வந்து சேரும்வரை காக்கவைக்கும் தடுப்பில்) நிறுத்தி ஒன்றாக விடுங்கள், ரேஸைக் கண்டுபிடிக்கும் கருவியான த்ரெட் சானிட்டைசருடன் கம்பைல் செய்யுங்கள். மெயின் த்ரெட் முன்கூட்டியே அந்த ஃபங்ஷனைத் தொட்டுவிட்டால் சானிட்டைசரும் வாய் திறக்காது.