குறைமாதப் பிரசவம்: பால் சுரப்பைத் தொடங்குவது எப்படி?

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் சேர்ந்தாற்போல் வராது. அது என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்வரை, பால் வேண்டும் என்று மார்புக்குத் தெரிவிக்கும் வேலை உங்கள் கைக்கும் பம்புக்கும்தான்.

முதலில் கை. பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. சிசேரியன் என்றால் ஆறு மணி நேரத்துக்குள்ளாவது. கையைக் கழுவிவிட்டு, காம்பிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வையுங்கள். நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, விரல்களைச் சேர்த்துப் பிழிந்து, விடுங்கள். தோலின்மேல் தேய்க்க வேண்டாம். சில சொட்டுதான் வரும். ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் வாயில் தடவ அந்தச் சீம்பால் போதும். "இவ்வளவுதானா?" என்று கேட்கிற உறவினர் கண்ணில் மட்டும் சிரிஞ்சைக் காட்டாதீர்கள்.

அப்புறம் பம்ப். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் எலக்ட்ரிக் பம்ப் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். மும்பையில் வாடகைக்கும் கிடைக்கிறது. மார்பில் வைக்கும் புனலில் காம்பு உரசினால் புனலின் அளவை மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 15-20 நிமிடம், முடிந்ததும் கையாலும் கொஞ்சம் பிழியுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை. பால் தேங்கியே இருந்தால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், அதனால் எத்தனை மி.லி. வந்தது என்பதைவிட எத்தனை தடவை எடுத்தோம் என்பதை எழுதி வையுங்கள். மூன்று மணிக்கொரு தரம் என்று அலாரம் வைத்து, ஒன்று தவறியதும் மனம் விட்டுப்போவதால் லாபமில்லை. நாள் முடிவில் எட்டு வந்ததா, சரி. இரவில் ஒரு தடவையாவது எழுந்திருங்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அப்போது அதிகம். குழந்தை இப்போது குடிப்பது சில மி.லி.தான் என்றாலும், இரண்டு வாரத்துக்குள் நாளுக்கு 500 மி.லி.யைத் தொடப் பாருங்கள்.

டாக்டர் அனுமதித்ததும் கங்காரு முறையில் குழந்தையை வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் திரும்பப் படுக்க வைத்த உடனே பம்ப் எடுத்தால் பால் நன்றாக இறங்கும்.

பூண்டுக்குழம்பும் பால்சுறாப் புட்டும் மாட்டுங்காவிலிருந்து மாமி கொடுத்தனுப்பினால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பம்ப் எடுப்பதற்கு அது ஈடாகாது, அவ்வளவுதான்.

நீங்கள் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால், ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், தேதி, நேரம் எழுதி ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். லோக்கல் ரயிலில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக ஐஸ் பேக் போட்ட பை வேண்டும். எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதில் உங்கள் வார்டு சிஸ்டர் சொல்வதுதான் சட்டம்.

உங்கள் பால் இன்னும் போதவில்லையா? தாய்ப்பால் வங்கியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆசியாவின் முதல் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியதே நம் மும்பை சயான் ஆஸ்பத்திரியில்தான். பரிசோதித்த தாய்மார்களின் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கித் தருவார்கள். அது கிடைத்தாலும் உங்கள் எட்டு தடவையை விட்டுவிடாதீர்கள்.

மார்பு சிவந்து, கட்டி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பால் எடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.