பிக்கப்புக்குக் கம்பெனி ஃபில்டருக்குப் பதில் வெளிக்கடை ஏர் ஃபில்டர் மாட்டுவதற்கு முன்

பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் பளபளக்கும் கூம்பு ஃபில்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் ஃபில்டர் இன்ஜினின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். பெங்களூரு டிராஃபிக்கில் ஊரும்போது இழுவை குறையும், சத்தம் மட்டும் கூடும். மூடிய பெட்டியும் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) பக்கத்துக் குளிர்காற்று வாயும் உள்ள செட்டையே வாங்குங்கள்.

எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரைக் கழுவியபின் நிழலில் முழுக்கக் காயவிட்டு, மடிப்பு முகடுகளில் மட்டும் மெல்லிசாக எண்ணெய் விட்டு, 20 நிமிடம் ஊறவிடுங்கள். அதிகமானால் எண்ணெய், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்து அளவு தவறும். புகை, இழுவைக் குறைவு வரும். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துச் சுத்தம் செய்யுங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம்.

மாட்டியபின் ரப்பர் விளிம்பில் கிரீஸ் தடவி மூடித் திறந்து பாருங்கள். மூடியில் பதியும் கிரீஸ் தடம் எங்காவது விட்டுப்போனால் அங்கே தூசி நுழையும், டர்போ இறக்கைகள் தேயும். 1,000 கி.மீ. கழித்து ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் ஃபில்டரை மாற்றுங்கள்.

கட்டட வேலைத் தூசியில் தினமும் ஓடும் வண்டிக்கு, கம்பெனி பேப்பர் ஃபில்டரே மேல்.